ஒழுங்குபடுத்தும் டி செல்கள்: கைவிடப்பட்ட ஒரு கருத்து மீண்ட வரலாறு

ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்பவை உடலின் நோயெதிர்ப்பு மண்டலத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கும் ஒருவகை வெள்ளையணுக்கள் ஆகும். நோய்க்கிருமிகளைத் தாக்க வேண்டிய பிற வெள்ளையணுக்கள் உடலின் சொந்த உறுப்புகளைத் தாக்கிவிடாமல் இவை தடுக்கின்றன. இவை பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக ஜப்பானைச் சேர்ந்த ஷிமோன் சகாகுச்சி, அமெரிக்காவைச் சேர்ந்த மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகிய மூவருக்கும் 2025-ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இன்று பாடநூல்களில் இடம்பெற்றுள்ள இந்தக் கருத்து, 1980களில் பெரும்பாலான ஆய்வாளர்களால் கைவிடப்பட்ட ஒன்றாகும். தாக்கும் செல்களை அடக்குவதற்கென்றே தனியான செல்கள் உள்ளன என்று சொல்வதே அக்காலத்தில் ஓர் ஆய்வாளரின் நற்பெயருக்கு ஊறு விளைவிக்கக் கூடியதாக இருந்தது. அக்கருத்து ஏன் எழுந்தது, ஏன் வீழ்ந்தது, எத்தகைய சான்றுகளால் மீண்டது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

உடல் தன்னைத் தாக்காதது ஏன்?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய மருத்துவ அறிஞர் பால் எர்லிக் ஆடுகளைக் கொண்டு ஒரு சோதனை செய்தார். ஓர் ஆட்டின் உடலில் வேறு ஆடுகளின் இரத்தத்தைச் செலுத்தியபோது, அந்த அயல் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும் பொருள்கள் அதன் உடலில் உருவாயின. ஆனால் தன் சொந்தச் சிவப்பணுக்களை அழிக்கும் பொருள்களை அந்த ஆடு உருவாக்கவில்லை. உடல் தன்னையே தாக்கிக்கொள்ள அஞ்சுகிறது என்ற பொருளில் இதனை அவர் 'ஹாரர் ஆட்டோடாக்சிகஸ்' என்று இலத்தீனில் குறிப்பிட்டார்.

உடல் தன்னை ஒருபோதும் தாக்காது என்றே பலர் இதற்குப் பொருள் கொண்டனர். இது சரியன்று என்பதற்கான சான்று 1904-ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது. குளிர்ச்சியின்போது சொந்தச் சிவப்பணுக்களே சிதையும் ஒரு நோயை டொனாத், லேண்ட்ஸ்டெய்னர் ஆகியோர் அவ்வாண்டில் விளக்கினர். எனினும் 1956-இல் தைராய்டு சுரப்பியைத் தாக்கும் எதிர்ப்புப் பொருள்கள் நோயாளிகளிடம் கண்டறியப்பட்ட பிறகே, தன்னுடல் தாக்குநோய் என்ற வகை பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. முதலாம் வகை நீரிழிவு, முடக்குவாதம், லூபஸ் முதலியன இன்று இவ்வகையில் அடங்குகின்றன.

உடல் பெரும்பாலும் தன்னைத் தாக்காமல் இருப்பது எவ்வாறு என்ற வினாவுக்கு ஆஸ்திரேலிய அறிஞர் மாக்ஃபர்லேன் பர்னெட் ஒரு விடையை முன்வைத்தார். நோயெதிர்ப்புச் செல்கள் எண்ணற்ற வகைகளில் உருவாகின்றன. அவற்றுள் உடலின் சொந்தப் பொருள்களோடு வினைபுரிபவை தொடக்கத்திலேயே அழிக்கப்படுகின்றன என்பது அவர் கருத்து. பிரிட்டனின் பீட்டர் மெடவாரும் அவருடைய குழுவினரும் 1953-இல் செய்த சோதனைகள் இதற்கு வலுச் சேர்த்தன. பிறப்பதற்கு முன்பே அயல் செல்கள் செலுத்தப்பட்ட சுண்டெலிகள், வளர்ந்த பின்னர் அந்த அயல் எலிகளின் தோலை ஒட்டவைத்தபோது அதனை ஏற்றுக்கொண்டன. இப்பண்பு நோயெதிர்ப்புச் சகிப்புத்தன்மை எனப்படுகிறது. பர்னெட்டும் மெடவாரும் 1960-இல் நோபல் பரிசு பெற்றனர்.

தைமஸ் சுரப்பியின் பங்கு

மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே அமைந்துள்ள தைமஸ் சுரப்பிக்குப் பயன் எதுவும் இல்லை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1961-இல் லண்டனில் பணியாற்றிய ஜாக் மில்லர், பிறந்தவுடன் தைமஸ் நீக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு நோயெதிர்ப்பாற்றல் வளராததைக் காட்டினார். அவற்றின் உடலில் வெள்ளையணுக்களின் ஒரு வகை மிகக் குறைந்திருந்தது. தைமஸில் முதிர்வதால் அவ்வகைச் செல்கள் பின்னர் டி செல்கள் என்று பெயர் பெற்றன.

சொந்த உடலைத் தாக்கக்கூடிய டி செல்கள் தைமஸிலேயே அழிக்கப்படுகின்றன என்பதை 1987-இல் ஜான் கேப்லர், பிலிப்பா மாரக் ஆகியோரின் குழு அமெரிக்காவில் நேரடியாக நிறுவியது. பர்னெட்டின் கருத்து உறுதிப்பட்டது. தைமஸில் நிகழும் இவ்வடிகட்டலே சகிப்புத்தன்மைக்குப் போதிய விளக்கம் என்று பலரும் எண்ணினர். ஆனால் இவ்விளக்கத்துக்குள் அடங்காத ஒரு சோதனை முடிவு பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே ஜப்பானில் வெளியாகியிருந்தது.

மூன்றாம் நாள் அறுவை

நகோயா நகரிலுள்ள ஐச்சி புற்றுநோய் மையத்தில் யசுவாக்கி நிஷிசுகா, தெருயோ சகாகுரா ஆகியோர் பிறந்து சில நாள்களே ஆன சுண்டெலிகளின் தைமஸை நீக்கி ஆராய்ந்தனர். பிறந்த மூன்றாம் நாளையொட்டி அறுவை செய்யப்பட்ட பெண் எலிகளின் சூலகங்கள் பின்னர் அழிந்துபோயின. ஏழாம் நாளில் அறுவை செய்தால் அவ்வாறு நேரவில்லை. இம்முடிவுகள் 1969-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியாயின.

தைமஸிலிருந்து சுரக்கும் ஏதோ ஒரு பொருள் சூலக வளர்ச்சிக்குத் தேவை போலும் என்பதே முதலில் எழுந்த எண்ணம். பின்னர் உண்மை வேறாக இருந்தது தெரியவந்தது. எலிகளின் நோயெதிர்ப்பு மண்டலமே சூலகத்தைத் தாக்கியிருந்தது. எலியின் இனத்தைப் பொறுத்துத் தைராய்டு, இரைப்பை போன்ற உறுப்புகளும் இவ்வாறே தாக்கப்பட்டன.

இங்கு ஒரு முரண்பாடு இருந்தது. டி செல்களை உருவாக்கும் சுரப்பியை நீக்கினால் நோயெதிர்ப்புத் தாக்குதல் குறைய வேண்டும். இங்கோ அது கூடியது. அப்படியானால் தைமஸிலிருந்து தாக்கும் செல்கள் மட்டுமல்லாமல், அவற்றைத் தடுக்கும் செல்களும் வெளிவருகின்றன. தடுக்கும் செல்கள் சற்றுத் தாமதமாக வெளிவருகின்றன என்று கொண்டால் மட்டுமே இதற்கு விளக்கம் கிடைக்கும். ஆனால் அப்படிப்பட்ட செல்களை அப்போது யாரும் பிரித்துக் காட்டியிருக்கவில்லை.

அடக்கும் டி செல்கள்: எழுச்சியும் வீழ்ச்சியும்

ஏறக்குறைய இதே காலத்தில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் கெர்ஷன், கசுனாரி கோண்டோ ஆகியோர் வேறொரு வழியில் இதே கருத்தை அடைந்தனர். ஒரு பொருளுக்கு எதிர்ப்புக் காட்டாத எலியின் டி செல்களை வேறோர் எலிக்குச் செலுத்தினால், அந்த எலியும் அப்பொருளுக்கு எதிர்ப்புக் காட்டுவதை நிறுத்துகிறது என்று 1970, 1971 ஆண்டுகளில் அவர்கள் அறிவித்தனர். சகிப்புத்தன்மையே தொற்றிக்கொள்வது போன்ற இந்நிகழ்வுக்குக் காரணமானவை 'அடக்கும் டி செல்கள்' எனப்பட்டன.

அடுத்த பத்தாண்டில் அடக்கும் டி செல்கள் நோயெதிர்ப்பியலின் முதன்மையான ஆய்வுப் பொருள்களுள் ஒன்றாயின. நூற்றுக்கணக்கான கட்டுரைகள் வெளிவந்தன. ஓர் அடக்கும் செல் இன்னொன்றைத் தூண்டும், அது மூன்றாவதைத் தூண்டும் என்று சங்கிலி போன்ற விளக்கங்கள் பெருகின. அடக்கும் பண்பைக் கடத்தும் கரையும் காரணிகள் பலவற்றுக்குப் பெயரிடப்பட்டது. ஆனால் அக்காரணிகளில் பலவற்றைத் தூய நிலையில் பிரித்தெடுக்க இயலவில்லை. இச்செல்களைப் பிற டி செல்களிலிருந்து வேறுபடுத்தும் தெளிவான அடையாளமும் இல்லை.

நம்பிக்கையளித்த அடையாளம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஐ-ஜே எனப்பட்டது. அதனை உருவாக்கும் மரபணு, திசுப் பொருத்தத்தைத் தீர்மானிக்கும் மரபணுத் தொகுதியின் குறிப்பிட்ட ஓரிடத்தில் இருப்பதாக 1976-இல் அறிவிக்கப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் அப்பகுதியின் டி.என்.ஏ.வைப் படியாக்கம் செய்து ஆராயும் வசதி கிடைத்தது. சொல்லப்பட்ட இடத்தில் அத்தகைய மரபணு எதுவும் இல்லை என்பது தெளிவாயிற்று.

இதன் விளைவு கடுமையாக இருந்தது. ஐ-ஜே மட்டுமன்றி, அடக்கும் டி செல் என்ற கருத்தே முழுமையாக ஐயத்துக்குள்ளானது. ஆய்வு நிதி குறைந்தது. ஆய்வாளர்கள் வேறு துறைகளுக்குச் சென்றனர். அச்சொல்லைக் கட்டுரைத் தலைப்பில் பயன்படுத்தவே பலர் தயங்கினர். பிழையான சான்றோடு சேர்த்து உண்மையான கேள்வியும் ஒதுக்கப்பட்டது. மூன்றாம் நாளில் தைமஸ் நீக்கப்பட்ட எலிகளுக்கு ஏன் நோய் வந்தது என்பதற்கு மட்டும் விடை கிடைக்கவில்லை.

சகாகுச்சியின் தொடர் ஆய்வு

ஷிமோன் சகாகுச்சி 1951-இல் ஜப்பானின் ஷிகா மாநிலத்தில் பிறந்தார். கியோத்தோ பல்கலைக்கழகத்தில் 1976-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். நிஷிசுகாவின் எலிகளைப் பற்றி அறிந்ததும், தாம் சேர்ந்திருந்த மேற்படிப்பை விட்டுவிட்டு ஐச்சி புற்றுநோய் மையத்துக்குச் சென்றார்.

அங்கு அவர் செய்த சோதனை எளிமையானது. மூன்றாம் நாளில் தைமஸ் நீக்கப்பட்ட எலிகளுக்கு, நல்ல நிலையிலுள்ள வளர்ந்த எலிகளின் டி செல்களைச் செலுத்தினார். அந்த எலிகளுக்குச் சூலக நோய் வரவில்லை. 1982-இல் வெளியான இம்முடிவிலிருந்து, நோயற்ற எலியின் உடலிலேயே தன்னுடல் தாக்குதலைத் தடுக்கும் டி செல்கள் உள்ளன என்பது புலப்பட்டது. கெர்ஷனின் சோதனைகளில் அடக்கும் செல்கள் செயற்கையாகத் தூண்டப்பட்டவை. சகாகுச்சி தேடியவையோ இயல்பாகவே உடலில் இருப்பவை.

அடுத்து, டி செல்களின் மேற்பரப்பிலுள்ள புரதங்களை அடையாளமாகக் கொண்டு அவற்றைப் பிரிக்கும் முயற்சியில் அவர் இறங்கினார். 1985-இல் வெளியான கட்டுரையில், டி செல்களில் ஒரு பகுதியை மட்டும் நீக்கிவிட்டு எஞ்சியவற்றைத் தைமஸ் இல்லாத எலிகளுக்குச் செலுத்தினால் பல உறுப்புகளில் தன்னுடல் தாக்குநோய் தோன்றுவதைக் காட்டினார். ஆனால் அப்போது பயன்படுத்திய அடையாளம் துல்லியமானதன்று. தாக்கும் செல்கள் பலவற்றிலும் அது காணப்பட்டது.

அடக்கும் டி செல்கள் பற்றிய நம்பிக்கை சரிந்துகொண்டிருந்த அக்காலத்தில் சகாகுச்சி அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், ஸ்டான்ஃபோர்டு உள்ளிட்ட நிறுவனங்களில் பணியாற்றினார். தம் ஆய்வுப் பொருளை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. அவர் முற்றிலும் தனித்திருந்தார் என்றும் சொல்ல முடியாது. பிரிட்டனில் ஃபியோனா பவ்ரி, டான் மேசன் ஆகியோர் 1990-இல் எலிகளின் டி செல்களை இரு பிரிவுகளாகப் பிரித்து, ஒரு பிரிவு நோயை உண்டாக்குவதையும் மற்றொன்று அதனைத் தடுப்பதையும் காட்டினர். இத்தகைய ஆய்வுகள் சில இடங்களில் அமைதியாகத் தொடர்ந்தன.

சிடி25 என்னும் அடையாளம்

1995-இல் சகாகுச்சியும் அவருடைய துணைவியார் நோரிகோ சகாகுச்சி உள்ளிட்ட உடனாய்வாளர்களும் அந்த அடையாளத்தை வெளியிட்டனர். சிடி4 வகை டி செல்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கின் மேற்பரப்பில் சிடி25 என்ற புரதம் காணப்படுகிறது. இச்செல்களை நீக்கிவிட்டு மற்றவற்றைத் தைமஸ் இல்லாத எலிகளுக்குச் செலுத்தியபோது தைராய்டு, இரைப்பை முதலிய பல உறுப்புகள் தாக்கப்பட்டன. நீக்கிய செல்களையும் உடன் செலுத்தியபோது நோய் தடுக்கப்பட்டது.

அடுத்த ஆண்டே மூன்றாம் நாளின் புதிருக்கும் விடை கிடைத்தது. சிடி25 கொண்ட செல்கள், எலி பிறந்து ஏறக்குறைய மூன்று நாள்கள் ஆன பிறகே தைமஸிலிருந்து உடலின் பிற பகுதிகளுக்கு வரத் தொடங்குகின்றன. அந்நாளில் தைமஸை நீக்கினால், முன்பே வெளிவந்துவிட்ட தாக்கும் செல்கள் உடலில் தங்கிவிடும். அவற்றைத் தடுக்க வேண்டியவை வராமலே போய்விடும். ஏழாம் நாளில் அறுவை செய்தால் இரு வகைகளும் ஏற்கெனவே வெளிவந்திருக்கும். 1969-இன் சோதனை முடிவு இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் முழுப் பொருள் பெற்றது.

அப்போதும் ஐயம் நீங்கவில்லை. டி செல்கள் கிளர்ச்சியுறும்போது அவை எல்லாவற்றிலும் சிடி25 தோன்றும் என்பது முன்பே அறியப்பட்டிருந்தது. எனவே இவை தனி வகைச் செல்களா, வெறும் கிளர்ச்சியுற்ற செல்களா என்ற வினா எழுந்தது. ஐயுற்றவர்களுள் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களைச் சேர்ந்த ஈதன் ஷேவாக்கும் ஒருவர். அவர் இச்சோதனைகளைத் தம் ஆய்வகத்திலேயே செய்து பார்த்தார். 1998-இல் ஏஞ்சலா தார்ன்டனுடன் சேர்ந்து, சிடி25 செல்கள் பிற டி செல்களின் பெருக்கத்தைத் தடுப்பதைச் சோதனைத் தட்டிலேயே காட்டினார். ஐயுற்றவரே உறுதிப்படுத்தியது பலருடைய கருத்தை மாற்றியது. 2001-இல் மனித இரத்தத்திலும் இத்தகைய செல்கள் இருப்பதைப் பல குழுக்கள் தனித்தனியே அறிவித்தன. பழைய பெயருடன் ஒட்டியிருந்த களங்கம் காரணமாக, இவை 'அடக்கும்' செல்கள் என்றில்லாமல் 'ஒழுங்குபடுத்தும்' செல்கள் என்றே வழங்கலாயின.

ஓக் ரிட்ஜின் செதில் எலிகள்

இதே செல்களை நோக்கி வேறொரு பாதையும் வந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள ஓக் ரிட்ஜ், அணுகுண்டுத் திட்டத்துக்காக உருவாக்கப்பட்ட நகரம். அங்குள்ள தேசிய ஆய்வகத்தில் கதிர்வீச்சின் விளைவுகளை அறிய ஏராளமான சுண்டெலிகள் வளர்க்கப்பட்டன. 1949-இல் அவற்றினிடையே தானாகவே ஒரு மரபணு மாற்றம் தோன்றியது. மாற்றம் பெற்ற ஆண் குட்டிகளின் தோல் செதில் செதிலாக உரிந்தது. மண்ணீரலும் நிணநீர்க் கணுக்களும் பெருத்தன. சில வாரங்களில் அவை இறந்தன. பெண் எலிகள் அம்மாற்றத்தைச் சுமந்தபோதிலும் நலமாக இருந்தன. குறைபாடு எக்ஸ் குரோமோசோமில் இருப்பது இதனால் தெரிந்தது. இந்த எலிகள் 'ஸ்கர்ஃபி' என்று பெயரிடப்பட்டன.

1990களில் ஸ்கர்ஃபி எலிகளின் உறுப்புகளை அழிப்பவை அவற்றின் சொந்த டி செல்களே என்பது நிறுவப்பட்டது. சியாட்டில் நகருக்கு அருகிலுள்ள பாத்தெல் என்னும் ஊரில், பின்னர் செல்டெக் கைரோசயன்ஸ் எனப்பட்ட உயிரித் தொழில்நுட்ப நிறுவனத்தில் மேரி பிரங்கோவும் பிரெட் ராம்ஸ்டெல்லும் பணியாற்றினர். ஒற்றை மரபணுவின் பழுது இவ்வளவு கடுமையான தன்னுடல் தாக்குதலை உண்டாக்குமானால், அந்த மரபணுவைக் கண்டறிவது புதிய மருந்துகளுக்கு வழி காட்டும் என்று அவர்கள் கருதினர்.

அக்காலத்தில் இது நெடும்பணி. எலியின் எக்ஸ் குரோமோசோமில் சுமார் 17 கோடி இணைகாரங்கள் உள்ளன. எலிகளை இனக்கலப்புச் செய்து, தேட வேண்டிய பகுதியை அவர்கள் சுமார் ஐந்து லட்சமாகக் குறைத்தனர். அப்பகுதியில் இருபது மரபணுக்கள் இருக்கக்கூடும் என்று தெரிந்தது. நோயற்ற எலியின் மரபணுவையும் ஸ்கர்ஃபி எலியின் மரபணுவையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டனர். பத்தொன்பதிலும் வேறுபாடு இல்லை. இருபதாவதாக, கடைசியாக எஞ்சியிருந்த மரபணுவில் பிழை கிடைத்தது. கூடுதலாக நுழைந்த இரண்டே எழுத்துகளால் அம்மரபணு உருவாக்கும் புரதம் பாதியில் நின்றுபோயிருந்தது. பிற மரபணுக்களை இயக்கவும் நிறுத்தவும் வல்ல புரதக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த அம்மரபணுவுக்கு ஃபாக்ஸ்பி3 என்று பெயர் அமைந்தது.

ஆண் குழந்தைகளின் நோய்

ஸ்கர்ஃபி எலிகளின் நிலையை ஒத்த ஒரு நோய் மனிதரிடமும் உண்டு. ஒரே குடும்பத்தில் ஆண் குழந்தைகள் மட்டும் கடுமையான வயிற்றுப்போக்கு, தோலழற்சி, நீரிழிவு முதலியவற்றால் பாதிக்கப்பட்டு இறப்பதை 1982-இல் அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்திருந்தனர். பின்னாளில் ஐபெக்ஸ் எனப்பட்ட இந்நோய் மிக அரிது. பிறந்த சில வாரங்களிலேயே முதலாம் வகை நீரிழிவு தோன்றுவதும் உண்டு. சிகிச்சையின்றி இக்குழந்தைகளில் பெரும்பாலானோர் இளவயதைத் தாண்டுவதில்லை.

இந்நோய்க்கும் ஸ்கர்ஃபி எலிகளுக்கும் காரணம் ஒன்றாக இருக்கலாம் என்று பிரங்கோவும் ராம்ஸ்டெல்லும் ஐயுற்றனர். நோயுற்ற குழந்தைகளின் மரபணுக்களை மருத்துவர்களுடன் சேர்ந்து ஆராய்ந்தபோது, மனித ஃபாக்ஸ்பி3 மரபணுவிலும் பிழைகள் காணப்பட்டன. 2001 ஜனவரியில் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் ஸ்கர்ஃபி எலியின் மரபணு பற்றிய கட்டுரையும், ஐபெக்ஸ் நோய் பற்றிய இரு கட்டுரைகளும் ஒன்றாக வெளியாயின.

இதனால் ஐபெக்ஸ் நோயை மரபணுச் சோதனை மூலம் உறுதிப்படுத்தும் வழி பிறந்தது. நலமான கொடையாளரின் குருதிக் குருத்துச் செல்களை மாற்றிப் பொருத்தும் சிகிச்சையால் சில குழந்தைகள் காப்பாற்றப்பட்டுள்ளனர்.

இரு பாதைகளின் சந்திப்பு

2001-இல் ஒருபுறம் சிடி25 செல்களும் மறுபுறம் ஃபாக்ஸ்பி3 மரபணுவும் அறியப்பட்டிருந்தன. இரண்டுக்கும் உள்ள தொடர்பு 2003-இல் வெளிப்பட்டது. சகாகுச்சி குழு, அலெக்சாண்டர் ருடென்ஸ்கி குழு, ராம்ஸ்டெல் குழு ஆகிய மூன்றும் அவ்வாண்டில் தனித்தனியே கட்டுரைகள் வெளியிட்டன. சிடி25 செல்கள் உருவாக ஃபாக்ஸ்பி3 தேவை என்பது அவற்றின் பொதுவான முடிவு. சாதாரண டி செல்லுக்குள் ஃபாக்ஸ்பி3 மரபணுவைச் செலுத்தினால் அதுவும் ஒழுங்குபடுத்தும் பண்பைப் பெற்றது. அம்மரபணு இல்லாத எலிகளில் இச்செல்கள் உருவாகவில்லை. அவற்றுக்கு ஸ்கர்ஃபி நோய் வந்தது.

பெண் எலிகள் தப்பியதற்கும் இப்போது விளக்கம் கிடைத்தது. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரு எக்ஸ் குரோமோசோம்களுள் ஒன்றே இயங்குகிறது. நல்ல ஃபாக்ஸ்பி3 இயங்கும் செல்களிலிருந்து ஒழுங்குபடுத்தும் டி செல்கள் போதிய அளவில் உருவாகிவிடுகின்றன.

இச்செல்கள் குழந்தைப் பருவத்தில் மட்டும் தேவைப்படுபவை அல்ல. வளர்ந்த எலிகளின் உடலிலிருந்து அவற்றை நீக்கினாலும் உயிரைப் பறிக்கும் தன்னுடல் தாக்குதல் ஏற்படுகிறது என்று ருடென்ஸ்கி குழு 2007-இல் காட்டியது. தாக்கவல்ல டி செல்கள் தைமஸின் அடிகட்டலில் தப்பி, நோயற்ற உடலிலும் வாழ்நாள் முழுவதும் உலவுகின்றன. அவற்றை நாள்தோறும் தடுத்து வைப்பது ஒழுங்குபடுத்தும் டி செல்களின் பணி என்பது இதனால் உறுதியாயிற்று. தைமஸுக்கு வெளியே நிகழ்வதால் இது புறச் சகிப்புத்தன்மை எனப்படுகிறது.

மருத்துவப் பயன்பாடும் எச்சரிக்கையும்

ஒழுங்குபடுத்தும் டி செல்கள் குறைந்தால் தன்னுடல் தாக்குநோய் வரலாம்; புற்றுநோய்க் கட்டியைச் சுற்றி அவை மிகுந்தால், கட்டியை அழிக்க வேண்டிய செல்கள் தடுக்கப்படலாம். சூலகப் புற்றுநோய்க் கட்டிகளில் இவை மிகுந்திருந்த நோயாளிகள் குறைந்த காலமே உயிர்வாழ்ந்தனர் என்று 2004-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே ஒரு நோயில் இவற்றைப் பெருக்கவும், மற்றொன்றில் இவற்றை நீக்கவும் மருத்துவம் முயல்கிறது.

பெருக்கும் முயற்சிகள் இரு வகைப்படும். ஒன்று, இச்செல்கள் வாழத் தேவையான இண்டர்லியூக்கின்-2 என்ற புரதத்தைச் சிறிய அளவில் கொடுப்பது. மற்றொன்று, நோயாளியின் அல்லது கொடையாளரின் இரத்தத்திலிருந்து இச்செல்களைப் பிரித்து, ஆய்வகத்தில் பெருக்கி, நோயாளியின் உடலில் செலுத்துவது. எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்குப் பின் வரும் சிக்கலுக்கு இம்முறையைப் பயன்படுத்தியது பற்றிய முதல் அறிக்கைகளுள் ஒன்றை 2009-இல் போலந்து மருத்துவர்கள் வெளியிட்டனர். முதலாம் வகை நீரிழிவு, உறுப்பு மாற்றம் ஆகியவற்றிலும் சோதனைகள் நடந்துவருகின்றன.

இத்துறையில் விரைவு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 2006 மார்ச் மாதம் லண்டனில் நடந்த நிகழ்வு சான்றாகும். விலங்குச் சோதனைகளில் ஒழுங்குபடுத்தும் டி செல்களைப் பெருக்கிய டிஜிஎன்1412 என்ற மருந்து, நலமாக இருந்த ஆறு தன்னார்வலர்களுக்கு மிகச் சிறிய அளவில் கொடுக்கப்பட்டது. அது தாக்கும் டி செல்களைப் பெருமளவில் தூண்டிவிட்டது. சில மணி நேரத்தில் அறுவரும் தீவிர சிகிச்சைக்கு உள்ளாயினர். அவர்கள் உயிர் தப்பியபோதிலும் பல உறுப்புகள் பாதிக்கப்பட்டன. மருந்து பற்றிக்கொள்ளும் புரதம் மனிதரின் ஒருவகை நினைவு டி செல்களில் உண்டு; சோதனைக்குப் பயன்பட்ட குரங்கின் அதே வகைச் செல்களில் அது இல்லை என்பது பின்னர் கண்டறியப்பட்டது. எலியிலும் குரங்கிலும் கிடைத்த முடிவை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது. மனிதரிடம் சாதாரண டி செல்களும் கிளர்ச்சியுறும்போது சிறிது நேரம் ஃபாக்ஸ்பி3 புரதத்தை உருவாக்குவதால், சிகிச்சைக்கான செல்களைத் தூய்மையாகப் பிரிப்பதும் எளிதன்று.

நோபல் பரிசு

சகாகுச்சி, ராம்ஸ்டெல், ருடென்ஸ்கி ஆகியோருக்கு 2017-இல் சுவீடனின் கிராஃபோர்டு பரிசு வழங்கப்பட்டது. 2025 அக்டோபர் 6 அன்று ஸ்டாக்ஹோமில் அறிவிக்கப்பட்ட நோபல் பரிசு, புறச் சகிப்புத்தன்மை பற்றிய கண்டுபிடிப்புகளுக்காகச் சகாகுச்சி, பிரங்கோ, ராம்ஸ்டெல் ஆகிய மூவருக்கும் சமமாகப் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒரு துறையின் நோபல் பரிசை ஓராண்டில் மூவருக்கு மேல் பகிர முடியாது என்பது அதன் விதி.

அறிவிப்பின்போது சகாகுச்சி ஒசாகா பல்கலைக்கழகத்தில் இருந்தார். பிரங்கோ, சுவீடனிலிருந்து வந்த அழைப்பை விளம்பர அழைப்பு என்று எண்ணி எடுக்கவில்லை. கைபேசித் தொடர்பின்றி மலைப்பகுதியில் பயணம் செய்துகொண்டிருந்த ராம்ஸ்டெல்லுக்குச் செய்தி சில மணி நேரம் கழித்தே எட்டியது. பரிசுக்குக் காரணமான மரபணுவை ஒரு தனியார் நிறுவனத்தில் கண்டறிந்த இவ்விருவரும் பல்கலைக்கழகப் பேராசிரியர்களாக இருந்தவர்கள் அல்லர் என்பதும் பலரது கவனத்தை ஈர்த்தது.

வரலாற்றின் பொருள்

ஒழுங்குபடுத்தும் டி செல்களின் மீட்சி, 1970களின் கூற்றுகள் எல்லாம் சரி என்று ஆக்கிவிடவில்லை. ஐ-ஜே மரபணு இல்லை என்பது இன்றும் உண்மையே. அக்காலத்தில் பெயரிடப்பட்ட கரையும் காரணிகளில் பெரும்பாலானவை மீளவில்லை. அடக்கும் செல்கள் என அன்று பெரும்பாலும் சுட்டப்பட்டவை சிடி8 வகையைச் சேர்ந்தவை. இன்று அறியப்பட்டுள்ள ஒழுங்குபடுத்தும் செல்கள் பெரும்பாலும் சிடி4 வகையைச் சேர்ந்தவை. கெர்ஷன் 1983-இல் மறைந்தார். தம் அடிப்படை எண்ணம் மீண்டதைக் காண அவர் இல்லை.

இரு காலங்களுக்கும் உள்ள வேறுபாடு சான்றின் தன்மையில்தான் அடங்கியுள்ளது. 1970களில் ஓர் ஆய்வகத்தில் சொல்லப்பட்ட அடக்கும் செல்லை மற்றோர் ஆய்வகம் எடுத்துப் பார்க்க வழியில்லை. 1995-க்குப் பின் சிடி25 செல்களை எந்த ஆய்வகமும் பிரித்தெடுக்க முடிந்தது. ஐயமுற்ற ஷேவாக் தாமே செய்து பார்த்துக் கருத்தை மாற்றிக்கொள்ள முடிந்தது. 2001-க்குப் பின் அச்செல்களின் மரபணுவைக் குழந்தைகளின் இரத்தத்திலேயே படிக்க முடிந்தது. அடையாளம் பொய்த்தபோது கருத்து வீழ்ந்தது. எவரும் சரிபார்க்கத்தக்க அடையாளம் கிடைத்தபோது அது மீண்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதனை உயிரோடு வைத்திருந்தது, மூன்றாம் நாளில் தைமஸ் இழந்த எலிகள் ஏன் நோயுற்றன என்ற விடை கிடைக்காத கேள்வியும், அதனை விட்டுவிட மறுத்த சிலருமே.